தோல்வியுறும் அணியும் உதவிப் பயிற்றுநரும்

உதைபந்தாட்டக் கழகமொன்று தொடர்ந்து தோல்வியைத் தழுவும்போது முதலில் ஆட்டங்காண்பது தலைமைப் பயிற்றுநரின் ஆசனமே. ஆயினும் அவரை நீக்குவதாயின் ஒப்பந்தத்தின் எஞ்சிய காலத்துக்குப் பெருந்தொகையை இழப்பீடாக வழங்க நேரிடும். புதிய வீரர்களைச் சேர்ப்பதாயின் இடமாற்றத்துக்கென ஒதுக்கப்பட்ட காலம் வரும்வரை காத்திருக்க வேண்டும். ஆகவே, கழக உரிமையாளர்கள் பலர் மூன்றாவது வழியொன்றை நாடுகின்றனர். தலைமைப் பயிற்றுநரை வைத்துக்கொண்டு அவருக்குப் புதிய உதவிப் பயிற்றுநர்களை நியமிப்பதே அவ்வழியாகும். செலவு குறைந்த இந்த ஏற்பாடு சில வேளைகளில் ஓர் அணியின் தலைவிதியையே மாற்றியமைத்துள்ளது. வேறு சில வேளைகளில் வெறும் கண்துடைப்பாக முடிந்துள்ளது. இந்த வேறுபாடு எதனால் ஏற்படுகின்றது என்பது ஆராயத்தக்கது.

தலைமைப் பயிற்றுநர் அணியைத் தெரிவு செய்கின்றார். நிர்வாகத்துக்கும் ஊடகங்களுக்கும் பதில் கூறுகின்றார். தோல்வியின் பழியையும் சுமக்கின்றார். நாளாந்தப் பயிற்சியின் பெரும் பகுதியை நடத்துவது, எதிரணியின் ஆட்டமுறையை ஆராய்வது, அணியில் இடம் கிடைக்காது மனம் சோர்ந்திருக்கும் வீரருக்குத் தைரியமூட்டுவது போன்றவை உதவியாளரின் பணிகளாகும். தலைவரிடம் சொல்லத் தயங்குவதை வீரர்கள் உதவியாளரிடம் சொல்வர். தலைவருக்குக் கசப்பான உண்மையை எடுத்துரைக்கக் கூடியவரும் அவரே. தோல்விகள் தொடரும்போது முதலில் அடைபடுவது இந்தப் பாதைதான். தலைவர் தம்மைச் சுற்றி வேலியிட்டுக்கொள்கின்றார். உதவியாளர்கள் தலையாட்டத் தொடங்குகின்றனர்.

உதவிப் பயிற்றுநர் ஒருவரால் எவ்வளவு சாதிக்க முடியும் என்பதற்கு இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் பொரஸ்ட் கழகத்தின் வரலாற்றைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது. பிரையன் கிளஃப், பீற்றர் டெய்லர் ஆகிய இருவரும் 1950களில் மிடில்ஸ்பரோ கழகத்தில் ஒன்றாக விளையாடியவர்கள். முன்னவர் முன்கள வீரர். பின்னவர் கோல் காப்பாளர். 1965இல் ஹாட்டில்பூல்ஸ் கழகத்தில் முகாமையாளராகவும் உதவியாளராகவும் இணைந்த அவர்கள், பின்னர் இரண்டாம் பிரிவில் கிடந்த டேர்பி கவுண்டி அணியைப் பொறுப்பேற்று 1972இல் லீக் சம்பியனாக்கினர்.

1974இல் கிளஃப் லீட்ஸ் யுனைட்டட் கழகத்துக்குச் சென்றபோது டெய்லர் உடன் செல்லவில்லை. அவ்வாண்டின் நடப்புச் சம்பியனாகவிருந்த அந்த அணியில் கிளஃப் நிலைத்தது 44 நாட்கள் மாத்திரமே. 1975 ஜனவரியில் அவர் பொரஸ்ட் கழகத்துக்கு வந்தார். அங்கும் தொடக்கத்தில் அற்புதம் எதுவும் நிகழவில்லை. இரண்டாம் பிரிவில் அந்த அணி முதற் பருவகாலத்தை 16ஆம் இடத்திலும் அடுத்ததை 8ஆம் இடத்திலும் முடித்தது.

1976 ஜூலையில் டெய்லர் வந்து சேர்ந்தார். 1977இல் பொரஸ்ட் மூன்றாம் இடத்தைப் பெற்று முதற் பிரிவுக்குத் தரமுயர்ந்தது. 1978இல் லீக் சம்பியனானது. 1979இலும் 1980இலும் ஐரோப்பியக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. இடையில் 42 லீக் ஆட்டங்களில் தொடர்ச்சியாகத் தோல்வியைச் சந்திக்கவில்லை.

டெய்லர் செய்தது என்ன? வீரர்களை எடைபோடுவதில் அவர் வல்லவர். முரட்டுக் குணத்தாலும் பந்தயப் பழக்கத்தாலும் கெட்ட பெயரெடுத்திருந்த பேர்மிங்ஹாம் வீரர் கென்னி பேர்ன்ஸை வாங்குவதற்கு முன்னர், நாய்ப் பந்தயத் திடல்வரை மறைவாகப் பின்தொடர்ந்து அவரது நடத்தையைக் கண்காணித்தார். முன்கள வீரராகக் கோல்களைக் குவித்து வந்த பேர்ன்ஸ் பொரஸ்ட்டில் பின்களத்தில் நிறுத்தப்பட்டார். அடுத்த ஆண்டே அவர் உதைபந்தாட்ட எழுத்தாளர்களால் ஆண்டின் சிறந்த வீரராகத் தெரிவானார். உடற்தகுதியைக் கவனியாதிருந்த ஜோன் ரொபர்ட்சனை டெய்லர் கடுமையாக எச்சரித்தார். அதே ரொபர்ட்சன்தான் 1979 இறுதியாட்டத்தின் ஒரே கோலுக்குப் பந்தை அனுப்பியவர். 1980 இறுதியாட்டத்தின் ஒரே கோலை அடித்தவர். வெளியிலிருந்து வந்த கண்களுக்கே, உள்ளே வீணாகிக் கொண்டிருந்த திறமை தென்பட்டது என்பது இங்கு கவனிக்கத்தக்கது.

அவ்வாறாயின் பழைய உதவியாளர்களை அனுப்பிவிட்டுப் புதியவர்களைக் கொண்டுவருவதுதான் எப்போதும் சரியானதா? லிவர்பூல் கழகத்தின் வரலாறு அதற்கு நேர்மாறானதைக் கூறுகின்றது. 1959 டிசெம்பரில் பில் ஷாங்க்லி அங்கு வந்தபோது அக்கழகம் இரண்டாம் பிரிவில் தேங்கியிருந்தது. புதிய முகாமையாளர்கள் தமக்கு வேண்டியவர்களைக் கூடவே அழைத்துவருவது வழக்கம். ஷாங்க்லியோ அங்கு ஏற்கனவே கடமையாற்றிய பொப் பெய்ஸ்லி, ஜோ ஃபகன், றூபன் பெனற் ஆகியோரை அப்படியே வைத்துக்கொண்டார். 1962இல் தரமுயர்ந்த அணி 1964இல் லீக் சம்பியனானது. 1974இல் ஷாங்க்லி விலகியதும் தலைமையேற்ற பெய்ஸ்லியின் கீழ் மூன்று ஐரோப்பியக் கிண்ணங்கள் கிட்டின. ஆக, உதவியாளர் புதியவரா பழையவரா என்பதைவிட, தலைவரிடம் இல்லாத எதை அவர் கொண்டிருக்கின்றார் என்பதே முக்கியமானது.

இன்று இப்பணி பல துறைகளாகப் பிரிந்துவிட்டது. ஆர்சனல் கழகம் 2020இலும் 2021இலும் எட்டாம் இடத்துக்குத் தள்ளப்பட்டிருந்தது. 2021 கோடையில், மூலை உதை, தண்ட உதை போன்ற நிலைப்பந்துச் சந்தர்ப்பங்களுக்கெனத் தனிப் பயிற்றுநராக நிக்கலஸ் ஜோவர் சேர்க்கப்பட்டார். பந்தை அனுப்புபவர் யார், தலையால் முட்டுபவர் எங்கிருந்து ஓடி வரவேண்டும், எதிரணியின் கோல் காப்பாளரின் வழியை மறித்து நிற்பவர் யார் என்பன யாவும் பயிற்சியில் ஒத்திகை பார்க்கப்பட்டன. 2023–24 பருவகாலத்தில் அந்த அணி மூலை உதைகளின் வழியாக மாத்திரம் 16 கோல்களைப் பெற்றது. அணியின் மீட்சிக்கு இது மாத்திரமே காரணமன்று. சிறந்த வீரர்களும் வாங்கப்பட்டனர்; தலைமைப் பயிற்றுநர் ஆர்டெட்டாவுக்குப் போதிய காலமும் வழங்கப்பட்டது. எனினும், ஒரு கோல் வித்தியாசத்தில் முடிவாகும் ஆட்டங்கள் மலிந்த விளையாட்டில் இத்தகைய நுணுக்கங்களின் பெறுமதி சாதாரணமானதன்று. 2018இல் உள்ளெறிதலுக்கெனவே டென்மார்க்கைச் சேர்ந்த தோமஸ் குரோனமார்க்கை லிவர்பூல் அமர்த்தியபோது நகைத்தவர்கள் பலர். இன்று அத்தகைய நியமனங்களை எவரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை.

தோல்வியுறும் அணிக்கு நிலைப்பந்துப் பயிற்சி உடனடியாகக் கைகொடுப்பதற்கும் காரணமுண்டு. அணியின் முழு ஆட்டமுறையையும் மாற்றுவதற்கு மாதங்கள் தேவைப்படும். அவ்வாறான மாற்றம் நம்பிக்கையிழந்த வீரர்களை மேலும் குழப்பவும் கூடும். மூலை உதையின்போது எவர் எங்கு நிற்பது என்பதைச் சில வாரங்களில் கற்பித்துவிடலாம். அதனால் கிடைக்கும் ஓரிரு வெற்றிகள், பெரிய மாற்றங்களுக்குத் தேவையான அவகாசத்தைப் பெற்றுத்தரும்.

இதில் ஆபத்தும் இல்லாமலில்லை. 2019 ஜூலையில் பயேர்ன் மியூனிச் அணியில் உதவிப் பயிற்றுநராக ஹன்சி ஃபிளிக் சேர்ந்தார். நவம்பரில் பிராங்பேர்ட் அணியிடம் 1–5 என்ற கணக்கில் தோற்றதும் தலைமைப் பயிற்றுநர் நிக்கோ கொவாச் விலகினார். ஃபிளிக் அவரது இடத்துக்கு வந்தார். 2020 ஓகஸ்டில் பயேர்ன் ஐரோப்பிய சம்பியனானது. கழகத்தின் நோக்கில் இது பெரும் நன்மை. ஆனால், திறமையான உதவியாளரைத் தமக்குப் போட்டியாளராகக் கருதித் தலைமைப் பயிற்றுநர்கள் அஞ்சுவதற்கும் இத்தகைய நிகழ்வுகளே காரணம். அந்த அச்சத்தினால் இணக்கமான ஆனால் ஆற்றல் குறைந்தவர்களைத் தெரிவு செய்யும் தலைவர், தம்மைக் காப்பாற்றக் கூடியவரையே வாசலில் நிறுத்திவிடுகின்றார்.

கிளஃப், டெய்லர் இருவரின் முடிவும் இவ்விடயத்தில் படிப்பினையானது. 1982இல் டெய்லர் பொரஸ்ட்டை விட்டு விலகினார். பின்னர் டேர்பியின் முகாமையாளரான அவர் 1983இல் ரொபர்ட்சனைத் தமது அணிக்குச் சேர்த்தது தொடர்பில் இருவருக்குமிடையில் மனக்கசப்பு மூண்டது. 1990இல் டெய்லர் மறையும்வரை இருவரும் பேசிக்கொள்ளவில்லை. டெய்லர் இல்லாத காலத்தில் கிளஃப் லீக் கிண்ணத்தை இரு தடவைகள் வென்றபோதிலும், லீக் சம்பியன் பட்டமோ ஐரோப்பியக் கிண்ணமோ அவருக்கு மீண்டும் கிட்டவில்லை. 1993இல் பொரஸ்ட் தரமிறங்கியது; கிளஃபும் ஓய்வுபெற்றார். அடுத்த ஆண்டு வெளிவந்த தமது சுயசரிதையை அவர் டெய்லருக்கே சமர்ப்பணம் செய்தார்.

உதவிப் பயிற்றுநரை நியமிப்பது இலகுவானது. அவர் கூறுவதைச் செவிமடுப்பதே கடினமானது. புதியவரிடம் தெளிவான பொறுப்பை ஒப்படைத்து, தமது தவறைச் சுட்டிக்காட்டும் உரிமையையும் அவருக்கு வழங்கி, வெற்றி வரும்போது அதில் அவரது பங்கை வெளிப்படையாக ஒப்புக்கொள்ளும் மனமும் தலைமைக்கு இருக்குமாயின் வீழ்ந்த அணியும் எழும். அவை இல்லாதவிடத்து எத்தனை புதியவர்கள் வந்தாலும் ஆட்டமுடிவுகள் மாறப்போவதில்லை.