இருபது வளைவு, ஒரு பெடல்: ஏற்காட்டில் இறங்கும்போது கற்றுக்கொண்ட பிரேக் வரலாறு

எல்லாரும் வண்டி எவ்வளவு வேகமா போகும்னுதான் கேட்பாங்க. இன்னைக்கு எபிசோட் அதுக்கு நேர் எதிர். வண்டி எப்படி நிக்குது? அதை நிறுத்த மனுஷங்க எத்தனை வருஷம் கஷ்டப்பட்டாங்க? நம்ம கையில காசு கம்மியா இருக்கும்போது அந்த வரலாறு நமக்கு என்ன சொல்லுது?

கதை ஏற்காட்டில் ஆரம்பிக்கிறது. மே மாதம், கோடை விழா நேரம். அப்பா முன் சீட்டில், அம்மாவும் தங்கச்சியும் பின்னால். ஏழு வருஷம் ஓடிய, நான் செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஹேட்ச்பேக். மலர்க் கண்காட்சி பார்த்துவிட்டு சேலம் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தோம். அந்த ரோட்டில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். முன்னால் வரிசையாக வண்டிகள். நானும் மூன்றாவது கியரிலேயே பிரேக்கை மிதித்து மிதித்து வந்தேன்.

பாதி மலை இறங்கியிருப்போம். ஒரு கருகல் வாடை வந்தது. கிளட்ச் எரியுதோன்னு நினைச்சேன். அடுத்த வளைவுக்கு முன்னால் பிரேக்கை மிதித்தால், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது. வண்டி நிற்கவில்லை.

அப்பா கத்தினார். "கியரைக் குறைடா!"

இரண்டாவது போட்டேன், அப்புறம் முதல் கியர். இன்ஜின் அலறியது. ஹேண்ட்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தேன். பள்ளத்தாக்குப் பக்கம் அகலமாக இருந்த ஒரு இடத்தில் வண்டி நின்றது. அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. சுவர் மேல் உட்கார்ந்திருந்த குரங்குகள் மட்டும் எங்களை வேடிக்கை பார்த்தன.

பின்னால் வந்த ஒரு டாக்ஸி அண்ணன் நிறுத்தி, இறங்கி வந்து சக்கரத்தைப் பார்த்தார். "தண்ணி கிண்ணி ஊத்திடாதீங்க தம்பி, டிஸ்க் கோணிக்கும். அரை மணி நேரம் ஆறட்டும். எந்த கியர்ல ஏறுனீங்களோ, அதே கியர்ல இறங்கணும்." சொல்லிவிட்டுப் போய்விட்டார். இந்த எபிசோடின் சாரமே அந்தக் கடைசி வரிதான். அது எனக்குப் புரிய இரண்டு மாதம் ஆனது.

வீட்டுக்கு வந்ததும் நான் என்ன செய்தேன் தெரியுமா? நம்ம தலைமுறை செய்வதைத்தான் செய்தேன். ராத்திரி ஒரு மணிக்கு ஆன்லைனில் ஓட்டை போட்ட, வரி போட்ட பெரிய ரோட்டார் கிட் ஒன்றை கார்ட்டில் போட்டேன். 38,000 ரூபாய். பட்டனை அழுத்துவதற்கு முன்னால் ஒரு கேள்வி வந்தது. ஆபீஸில் சர்வர் விழுந்தால், லாக் பார்க்காமல் பெரிய சர்வர் வாங்குவோமா? இங்கே லாக் எங்கே இருக்கு? வரலாற்றில் இருந்தது.

முதலில் ஒரு சின்ன கணக்கு. ஏற்காடு கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,500 மீட்டர். அடிவாரத்திலிருந்து பார்த்தால் 1,100 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். நாலு பேரோடு என் வண்டியின் எடை சுமார் 1,200 கிலோ. அதை அவ்வளவு உயரத்திலிருந்து கீழே கொண்டுவந்தால் கிட்டத்தட்ட 13 மெகாஜூல் சக்தி எங்கேயாவது போயாக வேண்டும். 20 லிட்டர் வாட்டர் கேன் இரண்டில் உள்ள தண்ணீரைக் கொதிக்க வைக்க இது போதும். காற்றும் டயரும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். கியரைக் குறைத்தால் இன்ஜின் ஒரு பெரிய பங்கை வாங்கிக்கொள்ளும். மீதி எல்லாம் வெப்பமாக மாறி, முன் சக்கரங்களில் இருக்கும் இரண்டு இரும்புத் தட்டுகளின் தலையில்தான் பெரும்பாலும் விழும்.

ஆக, பிரேக்கின் வரலாறு என்பது வெப்பத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்பதன் வரலாறு.

நம்ம ஊரில் இதற்கு ரொம்பப் பழைய சொல் ஒன்று உண்டு: முட்டுக்கட்டை. இன்னைக்கு "கல்யாணத்துக்கு முட்டுக்கட்டை போடுறான்"னு சொல்றோமே, அது சக்கரத்துக்குக் கொடுக்கும் கட்டைதான். தேரோட்டத்தில் பார்த்திருப்பீர்கள். தேரை இழுப்பது ஆயிரம் பேர், நிறுத்துவதும் திருப்புவதும் சக்கரத்தடியில் கட்டை போடும் சில பேர். திருவாரூர் ஆழித்தேர் 96 அடி உயரம், சுமார் 300 டன் எடை. அதற்கே பிற்காலத்தில் திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் பொருத்தியது. கட்டை போடும் வழக்கம் அதற்குப் பிறகும் நிற்கவில்லை. ஒன்று கைவிட்டால் இன்னொன்று. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது இங்கிலாந்துக்கு ஒரு தாவல். அங்கேயும் பிரச்சனை மலைதான். டெர்பிஷயர் என்ற மலைப்பாங்கான பகுதியில், இறக்கத்தில் போகும் குதிரை வண்டிகளின் பிரேக் கட்டையில் வண்டிக்காரர்கள் பழைய பூட்ஸைக் கட்டி வைப்பார்களாம். மரத்தைவிடத் தோல் நன்றாகப் பிடிக்கும். இதைப் பார்த்துத்தான் ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவருக்கு யோசனை வந்தது என்று சொல்வார்கள். 1897-ல் அவர் ஆரம்பித்த கம்பெனிதான் ஃபெரோடோ. இன்றைக்கும் பிரேக் பேட் டப்பாவில் அந்தப் பெயரைப் பார்க்கலாம். அவர் சக்கரத்தைத் தொடவில்லை, லீவரைத் தொடவில்லை. உரசும் பொருளை மட்டும் மாற்றினார். முதல் பெரிய அப்கிரேட் எது என்றால், பேட்தான்.

1902-ல் பர்மிங்ஹாமில் ஃப்ரெடரிக் லான்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கினார். ஐடியா அருமை. ஆனால் அவர் போட்ட உரசும் பட்டை தாமிரம். உலோகத்தில் உலோகம் உரசினால் என்ன ஆகும்? காது கிழிகிற சத்தம், வேகமான தேய்மானம். டிஸ்க் சரியாக இருந்தது, பேட் சரியாக இல்லை. அதே காலத்தில் லூயி ரெனோவின் டிரம் பிரேக் ஜெயித்தது. அதற்குப் பிறகு அரை நூற்றாண்டு உலகம் டிரம்மில்தான் ஓடியது. 1921-ல் அமெரிக்காவின் டூசன்பெர்க் கார் நாலு சக்கரத்துக்கும் ஹைட்ராலிக் பிரேக்கோடு வந்தது. மிதிக்கும் அழுத்தம் எண்ணெய் வழியாகப் போக ஆரம்பித்தது இப்படித்தான்.

டிரம்மில் ஒரு அடிப்படைக் குறை உண்டு. சூடானால் டிரம் வெளிப்பக்கம் விரியும், அதாவது உள்ளே இருக்கும் ஷூவை விட்டு விலகும். வெப்பமும் மூடிய டப்பாவுக்குள் மாட்டிக்கொள்ளும். டிஸ்க் அப்படி இல்லை. திறந்த வெளியில் சுழல்கிறது, சூடானால் தடித்து பேடை நோக்கித்தான் வரும். 1953 லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் டன்லப் டிஸ்க் பிரேக் போட்ட ஜாகுவார் சி-டைப் ஜெயித்தபோது, அந்தப் பந்தயத்தில் முதல்முறையாகச் சராசரி வேகம் மணிக்கு 100 மைலைத் தாண்டியது. மற்றவர்களைவிடத் தாமதமாக, தைரியமாக பிரேக் பிடிக்க முடிந்தது ஒரு பெரிய காரணம். 1955-ல் சிட்ரோயன் டிஎஸ் அதைக் குடும்பக் காரில் கொண்டுவந்தது.

நம்ம ஊர்ல? அம்பாசிடரும் ஃபியட்டும் ரொம்ப காலம் நாலு பக்கமும் டிரம்தான். அப்பா சின்ன வயதில் ஏற்காடு போனபோது, டாக்ஸிக்காரர் இறங்கும் வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தி பீடி பிடிப்பாராம். "சோம்பேறின்னு நினைச்சேன்டா. வண்டியை ஆற விடுறார்னு இப்பதான் புரியுது" என்றார்.

அந்த வண்டிகளுக்கான பிரேக்கைச் செய்த ஊர்களில் முக்கியமானது நம்ம சென்னை. 1962-ல் டிவிஎஸ் குழுமமும் இங்கிலாந்தின் கெர்லிங்கும் சேர்ந்து பாடியில் ஆரம்பித்தது பிரேக்ஸ் இந்தியா. 1964-ல் ரானே பிரேக் லைனிங். 1974-ல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ். பாடி, அம்பத்தூர் பக்கம் நாம் பஸ்ஸில் தாண்டிப் போகும் காம்பவுண்டு சுவர்களுக்குப் பின்னால் இதுதான் நடக்கிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். பேட் கலவையில் சேர்க்கும் தூள்களில் அலுமினாவும் மெக்னீசியாவும் உண்டு. சேர்வராயன் மலையில் பாக்சைட் எடுத்து மேட்டூரில் அலுமினியம் செய்தார்கள். அதே மலையின் அடிவாரத்தில் மேக்னசைட் வெட்டுகிறார்கள். நம்மை நிறுத்தும் பொருளின் பூர்வீகம் நாம் இறங்கும் மலையைப் போன்ற இடங்கள்தான்.

இந்த வரலாற்றில் ஒரு கறையும் இருக்கு. ஃப்ரூட் காலத்திலிருந்து பல பத்தாண்டுகள் பிரேக் லைனிங் என்றாலே ஆஸ்பெஸ்டாஸ். வெப்பம் தாங்கும், விலை மலிவு. ஆனால் அந்தத் தூள் நுரையீரலுக்குள் போனால் புற்றுநோய் வரும். நாம் பத்திரமாக நின்றதற்கு விலை கொடுத்தவர்கள், அதை வெட்டியவர்கள், அரைத்தவர்கள், பிரேக்கைப் பிரித்து வாயால் ஊதிச் சுத்தம் செய்த மெக்கானிக்குகள். அதனால் பெயர் தெரியாத மலிவு பேட் வேண்டாம். டப்பாவில் ஆஸ்பெஸ்டாஸ் இல்லை என்று போட்டிருக்கிறதா பாருங்கள்.

சரி, என் வண்டிக்கு வருவோம். சேலத்தில் ஒரு மெக்கானிக் அண்ணனிடம் காட்டினேன். முதலில் அவர் டிஸ்க்கைப் பார்க்கவே இல்லை. பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்தார். உள்ளே டீ டிகாக்‌ஷன் கலர். "இதை எப்ப மாத்துனீங்க?" சர்வீஸ் புக்கைப் புரட்டினால், மாற்றியதாகவே பதிவு இல்லை.

அதுதான் விஷயம். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் இந்த அளவு 140 வரை இறங்கலாம். டாட் 4-க்கு அது 230, 155. ஆயில் கொதித்தால் குமிழ் வரும். திரவத்தை அமுக்க முடியாது, குமிழை அமுக்கலாம். என் காலடியில் பஞ்சு மாதிரி போனது அந்தக் குமிழ்தான். 38,000 ரூபாய் ரோட்டார் போட்டிருந்தாலும் அந்தப் பழைய ஆயிலோடு அதே வளைவில் பெடல் உள்ளே போயிருக்கலாம்.

ஓட்டை போட்ட ரோட்டாரைப் பற்றியும் கேட்டேன். அண்ணன் சிரித்தார். அந்த ஓட்டை பந்தய வண்டிகளில் வந்தது, பழைய பேட்கள் சூட்டில் வெளிவிடும் வாயு தப்பிக்க. இன்றைய பேடில் அந்தத் தொல்லை ரொம்பக் குறைவு. மலிவு ரோட்டாரில் ஓட்டை போட்டால் வெப்பம் வாங்கும் இரும்பு குறையும், ஓட்டையின் ஓரத்தில் விரிசலும் விடலாம்.

ஆனால் என் பழைய டிஸ்க்கும் முடிந்திருந்தது. ஒவ்வொரு ரோட்டாரிலும் குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும். வெர்னியர் வைத்து அளந்தார், அதற்கும் கீழே. "லேத்துல கடையறதுக்கு இதுல ஒண்ணுமில்ல தம்பி."

பில் இதோ: கம்பெனி அளவில் சாதா ரோட்டார் இரண்டு, 3,400. நல்ல பேட் செட், 1,450. டாட் 4 ஆயில் ஒரு லிட்டர், 600. கூலி 1,200. மொத்தம் 6,650 ரூபாய். பின் சக்கரத்தைத் திறந்து பார்த்தார், ஷூ நன்றாக இருந்ததால் தொடவில்லை. புது ரோட்டார் உட்காரும் இடத்தில் துருவைத் தேய்த்தார், காலிப்பர் பின்னுக்கு அதற்கான கிரீஸ் வைத்தார். காசே ஆகாத இந்த இரண்டு வேலைகளை விட்டால் புது டிஸ்க்கும் உதறும், பேடும் ஒரு பக்கமாகத் தேயும்.

அப்புறம் செட்டில் பண்ண வேண்டும். விடிகாலை காலி ரோட்டில் 60-லிருந்து 10 வரை, எட்டுப் பத்து தடவை, முழுசா நிறுத்தாமல் நிதானமாகப் பிடித்து, நடுவில் ஆற விட்டேன். பேடின் பொருள் டிஸ்க்கில் சீராகப் படிய இதுதான் வழி.

இரண்டு மாதம் கழித்து அதே மலை. அம்மா வரமாட்டேன் என்றார், கடைசியில் வந்தார். இறங்கும்போது இரண்டாவது கியர். இன்ஜின் முனகிக்கொண்டே வந்தது. வளைவுக்கு முன்னால் மட்டும் பிரேக், அழுத்தமாக, குறைவான நேரத்துக்கு. பின்னால் ஒருத்தர் ஹாரன் அடித்தார், அடிக்கட்டும். அடிவாரத்தில் இறங்கி வீல் பக்கம் முகர்ந்து பார்த்தேன். வாடை இல்லை.

தேருக்கு ஹைட்ராலிக் பிரேக் வந்த பிறகும் கட்டையை விடவில்லை என்று சொன்னேன் இல்லையா? கியர்தான் நம்ம முட்டுக்கட்டை. அது இலவசம். அதற்கு அடுத்து ஆயில், அப்புறம் பேட், அப்புறம் தேய்ந்திருந்தால் சாதா ரோட்டார். செலவு பண்ண வேண்டிய வரிசை இதுதான். என் கார்ட்டில் இருந்த வரிசை இதற்கு நேர் தலைகீழ்.

இதைக் கேட்டு முடித்ததும் ஒரே ஒரு வேலை செய்யுங்க. பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் கலரைப் பாருங்க. மாத்தி ரெண்டு வருஷம் ஆயிடுச்சுன்னா, மலைக்குப் போறதுக்கு முன்னாடி மாத்திடுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம். மெதுவா இறங்குங்க மக்களே.