பின்வரிசையில் ஒரு வெள்ளை பெல்ட்

43 வயதில் கராத்தே வகுப்பில் சேர்ந்தேன். மகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, மாடிப்படியில் உட்கார்ந்து ஒரு வருஷம் செல்போன் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். “அக்கா, சும்மா உட்கார்ந்திருக்கிறதுக்கு நீங்களும் வந்து நில்லுங்களேன்” என்றார் மாஸ்டர். நின்றேன். கடைசி வரிசையில், என் இடுப்பு உயரப் பையன்களுக்குப் பின்னால்.

முதல் நாள் யாரும் யாரையும் அடிக்கவில்லை. ‘இச், நீ, சான், ஷி’ என்று மாஸ்டர் எண்ண எண்ண, காற்றைக் குத்தினோம். பிறகு குதிரைமேல் உட்கார்ந்த மாதிரி காலை அகட்டி, முழங்காலை மடக்கி நிற்கச் சொன்னார். அரை நிமிஷத்தில் தொடை நடுங்க ஆரம்பித்தது. மறுநாள் நான் வேலை பார்க்கும் வங்கியில் நாற்காலியை விட்டு எழ மேஜையைப் பிடிக்க வேண்டியிருந்தது.

இந்த வரிசை, எண்ணிக்கை, வெள்ளை உடை, பெல்ட் எல்லாம் ஆதிகாலத்துச் சமாசாரம் என்றுதான் நினைத்திருந்தேன். தேடிப் படித்தால், எல்லாம் என் கொள்ளுத்தாத்தா காலத்துச் சரக்கு.

அதற்கு முன், கராத்தே பிறந்த ஒகினாவாத் தீவில், இப்படி வரிசை கட்டிய வகுப்பே கிடையாது. ஒரு குரு, ஒன்றிரண்டு சீடர்கள், ராத்திரி வேளை. 1868-இல் பிறந்த ஃபுனாகோஷி கிச்சின் பகலில் பள்ளி ஆசிரியர். இரவில் விளக்கைத் தூக்கிக்கொண்டு தன் குரு அசாதோவின் வீட்டுக்கு நடப்பார். கொல்லையில் ஒரே கட்டாவைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். அடி, தடுப்பு, திருப்பம் எல்லாம் கோத்த அசைவுக் கோவைதான் கட்டா. குரு உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்துக்கொண்டு, மறுபடி செய்யச் சொல்வார், இன்னும் கொஞ்சம் என்பார், பாராட்டு அபூர்வம். நைஹான்சி என்ற வகையில் மூன்று கட்டாக்களைக் கற்கவே பத்து ஆண்டுகள் ஆனதாக ஃபுனாகோஷி எழுதியிருக்கிறார். நைஹான்சி முழுக்க, நான் அரை நிமிஷம் தாங்காத அதே குதிரை நிலைதான். முன்னும் போகாது, பின்னும் போகாது. பக்கவாட்டில் மட்டும் நகரும்.

இதை மாற்றியவர் அவருடைய இன்னொரு குரு, இதோசு அன்கோ. 1900-களின் தொடக்கத்தில் கராத்தேயைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுபோனார். வகுப்பு நிறையப் பிள்ளைகள் நிற்கும்போது ஒவ்வொருவரையும் பத்து வருஷம் உட்கார்ந்து பார்க்க முடியுமா? பிள்ளைகளுக்கென்றே பினான் என்ற ஐந்து கட்டாக்களை அமைத்தார். பிற்பாடு ஹெய்யான் என்று பெயர் மாறியது அதுதான். என் மகள் முதல் பரீட்சைக்குச் செய்து காட்டியதும் அதில் ஒன்று: இடப்பக்கம் திரும்பு, கீழே தடு, ஓரடி முன்வைத்துக் குத்து.

உடையும் பெல்ட்டும் கராத்தேயின் சொந்தச் சொத்தே அல்ல. ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ 1880-களிலேயே தேர்ந்த மாணவர்களுக்குக் கறுப்பு பெல்ட் கட்டிவிட்டார். 1922-இல் டோக்கியோ வந்த ஃபுனாகோஷியை அழைத்துத் தன் கூடத்தில் கராத்தே செய்து காட்டச் சொன்னவரும் அவரே. 1924-இல் ஃபுனாகோஷி தன் மாணவர்களுக்குக் கறுப்பு பெல்ட் தந்தார். மற்ற நிறங்கள் பரவியது 1930-களில், பாரிஸில் ஜூடோ கற்பித்த கவாய்ஷி மிகினோசுகேயின் கைவண்ணத்தால்.

துவைக்காமலே கட்டிக்கட்டி வெள்ளை பெல்ட் கறுத்துப்போனதுதான் கறுப்பு பெல்ட் என்று எங்கள் மாஸ்டர் பிள்ளைகளுக்குக் கதை சொல்வார். நான் குறுக்கே பேசுவதில்லை. வீட்டுக்கு வந்ததும் மகளின் பெல்ட்டைத் துவைத்துப் போட்டுவிடுகிறேன்.

எண்ணிக்கை, பிள்ளைகளுக்கான கட்டா, கலர் பெல்ட் எல்லாம் புதிதாக வருகிறவர்களுக்காக யாரோ ஒரு வாத்தியார் யோசித்துச் செய்த சலுகைகள். குதிரை நிலைக்கு மட்டும் இதுவரை யாரும் சலுகை கண்டுபிடிக்கவில்லை. நான்கு மாதமாகிறது, இப்போது இரண்டு நிமிஷம் நிற்கிறேன். நேற்று மாஸ்டர் என் வரிசைப் பக்கம் வந்து, முழங்காலைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“இன்னும் கொஞ்சம் கீழே, அக்கா.”