நம்பிக்கை, அறிவு, பகுத்தறிவு: மும்பைத் தமிழரின் சமயச் சொற்கள் – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

சமய நம்பிக்கைக்கும் அறிவுக்கும் உள்ள உறவு மெய்யியலார் மட்டுமே ஆராய்வதற்குரிய பொருளன்று. ஒரு சமூகம் அவ்வுறவை எவ்வாறு கருதி வந்துள்ளது என்பதை அது வழங்கும் சொற்களும் புலப்படுத்துகின்றன. ஒரே மொழி பேசும் பல சமயத்தார் அருகருகே வாழுமிடத்தில் இச்சொற்களை ஒப்பிட்டு நோக்குதல் எளிது. மும்பை அத்தகைய இடங்களுள் ஒன்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கித் தோல் பதனிடும் தொழிலை ஒட்டித் தமிழகத்திலிருந்து, சிறப்பாகத் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து, பலர் தாராவியில் குடியேறினர். அவர்களுள் இந்துக்களும் இசுலாமியரும் கிறித்தவரும் உண்டு. அலுவலகப் பணி நாடி வந்தோர் மாதுங்காவில் தங்கினர்; 1932இல் அங்குத் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியது. செம்பூரில் செடா நகர் முருகன் கோயில் உள்ளது. அதனை அடுத்த திராம்பேயில் 1954இல் தொடங்கப்பெற்று 1967இல் பாபா அணு ஆராய்ச்சி மையம் எனப் பெயர் பெற்ற நிறுவனம் உள்ளது. இம்மக்கள் அனைவரும் தமிழரே. எனினும் ‘நம்பிக்கை’ என அவர்கள் சுட்டுவது ஒன்றன்று. இவ்வேறுபாட்டின் வரலாற்றையும் மொழிபெயர்ப்பாளர்க்கு அது விடுக்கும் வினாவையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

1. நம்புதலும் அளவையும்

‘நம்பு’ என்னும் சொல்லுக்குத் தொல்காப்பிய உரியியல் தரும் பொருள் ‘நசை’, அதாவது விருப்பம் என்பதாகும். உண்மையென ஏற்றல் என்னும் பொருள் பின்னரே மேலோங்கியது. எனவே இன்று நம்பிக்கைக்கும் அறிவுக்கும் இடையே நாம் காணும் முரண் அச்சொல்லின் பழம்பொருளில் இல்லை.

‘அறிவு’ என்பதன் நிலை வேறு. திருக்குறளில் மெய்யுணர்தல் அதிகாரத்தின் ஒரு குறளும் (355), அறிவுடைமை அதிகாரத்தின் ஒரு குறளும் (423) ஒரே ஈற்றடியால் முடிகின்றன. முன்னது துறவறவியலைச் சார்ந்தது. பின்னது அரசியலைச் சார்ந்தது. வீடுபேற்றை நாடுவோனுக்கும் நாடாள்வோனுக்கும் வள்ளுவர் வகுத்த அறிவின் இலக்கணம் ஒன்றே என்பது இதனால் பெறப்படும்.

சமயவாதிகளிடையே இவ்வுறவு ‘அளவை’ என்னும் பெயரில் ஆராயப்பெற்றது. மணிமேகலை வஞ்சி நகரில் சமயக் கணக்கரைக் கண்டபோது, அளவைவாதி வேதவியாதர்க்குப் பத்தும் கிருதகோடிக்கு எட்டும் சைமினிக்கு ஆறும் அளவைகள் எனக் கூறுகின்றான். பின்னர் அறவண அடிகள் பௌத்தத்திற்கு இரண்டே அளவைகள் என உரைக்கின்றார். சிவஞான சித்தியாரோ காண்டல், கருதல், உரை என மூன்றில் பிறவற்றை அடக்குகின்றது.

பௌத்தம் தனி அளவையாகக் கொள்ளாததும் சைவ சித்தாந்தம் தனியே நிறுத்துவதும் ‘உரை’ என்பதனையே. நம்பத்தக்கவர் வாய்மொழி அறிவைத் தரும் வாயிலாகுமா என்பதே அவர்களிடையே எழுந்த வழக்கு. எந்த நம்பிக்கை அறிவாகும் என்றே இருசாராரும் வினவினர். நம்பிக்கையா அறிவா என ஒருவரும் வினவவில்லை. பிற்கால விவாதங்களில் இந்நுட்பம் பெரிதும் மறைந்து போயிற்று.

2. விசுவாசமும் ஈமானும்

தமிழ்க் கிறித்தவர் நெடுங்காலமாக வழங்கும் சொல் ‘விசுவாசம்’. உலக வழக்கில் இது பற்றுறுதியைக் குறிக்கும். நாயின் விசுவாசம், வேலைக்காரனின் விசுவாசம் என்பன காண்க. ஒரு கருத்தை மெய்யெனக் கொள்ளுதலினும் ஒருவரிடத்து மாறாது நிற்றலே இச்சொல்லில் முதன்மை பெறுகிறது.

1871இல் வெளிவந்த ஐக்கியத் திருப்புதல் மரபைப் பின்பற்றும் விவிலியப் பதிப்புகளில், பவுல் கூறும் மூன்று பண்புகள் விசுவாசம், நம்பிக்கை, அன்பு எனப்பெற்றன. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் அவற்றை நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு என்றது. முன்னதில் வருங்கால நன்மையை எதிர்பார்த்திருத்தலைக் குறித்த ‘நம்பிக்கை’, பின்னதில் இறைவனை ஏற்கும் நிலையைக் குறிக்கின்றது. ஆகவே இரு பதிப்புகளையும் பயன்படுத்தும் கிறித்தவர் வாழும் ஒரே தெருவில், ஒரே சொல் இருவேறு பண்புகளைச் சுட்டக்கூடும்.

‘ஞானம்’ என்னும் சொல்லும் கிறித்தவர் வழக்கில் பொருள் மாறியது. ஞானஸ்நானம், ஞானத்தந்தை என்னும் தொடர்களில் அது ஆன்மிகம் சார்ந்தது என்னும் பொருளையே தருகிறது. சைவர்க்குச் சரியை, கிரியை, யோகம் என்பவற்றின் முடிவில் எய்தும் நிலை ஞானம். கிறித்தவர் வழக்கிலோ பச்சிளங்குழந்தையும் ஞானஸ்நானம் பெறலாம். இருவரும் ஒரு சொல்லை வழங்கினும், ஒருவர்க்கு அது முடிவிடம், மற்றவர்க்குத் தொடக்கம்.

இசுலாமியரின் ‘ஈமான்’ என்பது பாதுகாப்பு, அச்சமின்மை ஆகிய பொருள்களைத் தரும் அரபு வேரிலிருந்து பிறந்தது. தமிழ் இசுலாமியர் அடைக்கலப் பொருளைக் குறிக்க வழங்கும் ‘அமானிதம்’ அதே வேரினது. தேவாலயத்தில் ஒலிக்கும் ‘ஆமென்’ என்னும் எபிரேயச் சொல்லும் இவ்வேரோடு உறவுடையது. அறிவைக் குறிக்கும் ‘இல்ம்’ ஈமானுக்கு எதிர்ச்சொல்லன்று. ‘ஆலிம்’ என்னும் சமய அறிஞரின் பெயர் அதிலிருந்தே வந்தது. பகுத்துணரும் திறனைக் குறிக்கும் ‘அக்ல்’ மராத்தியில் ‘அக்கல்’ என அன்றாட வழக்காயிற்று. குர்ஆனின் தமிழாக்கங்களுள் சில ‘ஈமான் கொண்டோர்’ எனவும், சில ‘நம்பிக்கை கொண்டோர்’ எனவும் வழங்குகின்றன.

3. ஆத்திகமும் சிரத்தையும்

மாதுங்காவிலுள்ள ஆஸ்திக சமாஜத்தின் பெயர் மொழிநூலார் கருத்திற்குரியது. மனுதரும நூலில் நாத்திகன் எனப்படுபவன் வேதத்தை இகழ்பவன். இவ்வளவுகோலின்படி உலகைப் படைத்த இறைவனை ஏற்காத மீமாம்சகரும் ஆத்திகரே. பௌத்தரும் சமணரும் நாத்திகர். இருபதாம் நூற்றாண்டுத் தமிழில் ‘நாத்திகம்’ கடவுள் மறுப்பையே பெரிதும் குறிக்கலாயிற்று. ‘பகுத்தறிவு’ என்னும் சொல் அதனோடு இணைந்து வழங்கியது. பெரியார் 1934இல் இப்பெயரிலேயே ஓர் இதழைத் தொடங்கினார்.

மராத்திச் சூழல் மற்றோர் இடர்ப்பாட்டைத் தருகிறது. மராத்தியில் ‘சிரத்தா’ என்பது சமய நம்பிக்கை. தமிழில் ‘சிரத்தை’ பெரும்பாலும் அக்கறையைக் குறிக்கும். ‘சிரத்தையுடன் படித்தான்’ என்பதில் சமயச் சாயல் சிறிதும் இல்லை. எனவே ‘அந்தசிரத்தா’ என்பதனைத் தமிழர் ‘மூடநம்பிக்கை’ எனப் பெயர்க்கின்றனர். மராத்தி குருடு என்கிறது. தமிழ் மடமை என்கிறது. காணாமை ஒரு குறை. மடமையோ ஒரு பழிச்சொல்.

இது சொல்லாராய்ச்சியளவில் நிற்பதன்று. 1989இல் மகாராட்டிர அந்தசிரத்தா நிர்மூலன் சமிதியை நிறுவிய நரேந்திர தாபோல்கர் 2013 ஆகசுடு 20ஆம் நாள் புனேயில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் பல்லாண்டு வேண்டிய சட்டம் அவ்வாண்டு திசம்பரில் நிறைவேறியது. அச்சட்டத்தின் பெயரில் ‘அந்தசிரத்தா’ என்னும் சொல் இல்லை. நரபலி, தீய பழக்கங்கள், பில்லிசூனியம் முதலியனவே சுட்டப்பெற்றுள்ளன. எந்தச் சிரத்தை குருடானது என வரையறுப்பதினும் எச்செயல் தீங்கானது என வரையறுப்பது சட்டத்திற்கு எளிது.

4. பம்பாயில் பௌத்தம்

நம்பிக்கைக்கும் பகுத்தறிவுக்கும் புதியதோர் உறவை வகுத்தவர் பம்பாயில் வாழ்ந்த அம்பேத்கர். மாதுங்காவை அடுத்த தாதரில் அவர்தம் ‘இராசகிருகம்’ உள்ளது. இம்முயற்சியில் தமிழகத்திற்கும் பங்குண்டு. சென்னையில் அறிவியல் பேராசிரியராக விளங்கிய பொ. இலட்சுமிநரசு பௌத்தத்தின் சாரம் குறித்து ஆங்கிலத்தில் இயற்றி 1907இல் வெளியிட்ட நூலை, 1948இல் அம்பேத்கர் தம் முன்னுரையுடன் மீண்டும் வெளியிடச் செய்தார். பெரியார் 1940 சனவரியில் பம்பாய் சென்று அம்பேத்கரைச் சந்தித்தார். சமயங்களைச் சாடுவதில் இருவரும் நெருங்கி நின்றனர். எனினும் சமயமே வேண்டா என்னும் முடிவிற்கு அம்பேத்கர் வரவில்லை.

1956 மே மாதம் ஆற்றிய வானொலி உரையில் அவர் பௌத்தத்தை விரும்புவதற்குப் பிரஞ்ஞை, கருணை, சமத்துவம் ஆகிய மூன்றனைக் காரணங்களாகக் கூறினார். பிரஞ்ஞை என்பதற்கு, மூடநம்பிக்கைக்கும் இயற்கை கடந்தவற்றுக்கும் மாறான தெளிவு என விளக்கமும் தந்தார். தமிழில் இச்சொல் ‘பிரக்ஞை’ என வழங்கி நனவுநிலையைக் குறிக்கின்றது. அதனை அவ்வாறே பெயர்த்தால் அவர் கூறிய காரணம் மறைந்துவிடும். ‘பகுத்தறிவு’ எனப் பெயர்த்தால் அவர் விலக்காத சமய உணர்வு விலகிவிடும். 1957இல், அவர் மறைந்தபின் வெளிவந்த ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலைத் தமிழாக்கியவர் பெரியார்தாசன். நாத்திகராக அறியப்பட்ட அவர் பின்னர் பௌத்தம் தழுவி, 2010இல் இசுலாத்தை ஏற்றார். நம்பிக்கை என்னும் எல்லைக்கோட்டை மொழிபெயர்ப்பாளர் நூலில் மட்டுமன்றி வாழ்விலும் கடக்க நேரும் என்பதற்கு அவர் வாழ்க்கை ஒரு சான்று.

5. மொழிபெயர்ப்பாளர் கடன்

இங்கு இரு நெறிகள் எதிர்ப்படுகின்றன. அனைத்தையும் ‘நம்பிக்கை’ எனப் பெயர்த்தால் சமயங்களிடையேயுள்ள கருத்து வேறுபாடு அழியும். அவரவர் சொல்லை அவ்வாறே நிறுத்தினால், ஒரு சமயத்தாரின் நூல் பிறர்க்குப் பூட்டிய கதவாகும். 1992 திசம்பரிலும் 1993 சனவரியிலும் நகரில் மூண்ட கலவரம் தாராவியையும் தாக்கியது. அத்தகைய ஊரில் அண்டை வீட்டார் இருவர்க்கும் பொருள்படும் பொதுச்சொல்லைச் சிறிதாகக் கருதுதல் ஆகாது.

எனவே வாழ்வையும் வழிபாட்டையும் பொதுவாகச் சுட்டுமிடத்துப் பொதுச்சொல் போதும். வாதம் சொல்லின் மேல் நிற்குமிடத்து ஈமான், விசுவாசம், சிரத்தை, பிரஞ்ஞை என்பவற்றை விளக்கத்துடன் நிறுத்துதல் வேண்டும். ‘பகுத்தறிவு’ என்பதனைச் சமய மறுப்பிற்கு மட்டும் உரியதாக்கலும் பொருந்தாது. அளவைகளை எண்ணி வழக்காடிய சமயக் கணக்கரும் பகுத்தே அறிந்தனர்.

முடிவுரை

தமிழில் நம்பிக்கையைக் குறிக்கும் சொற்கள் ஒரு பொருட் பன்மொழியல்ல. விருப்பம், பற்றுறுதி, அச்சமின்மை, உரையை ஏற்றல், தெளிவு என அவை வெவ்வேறு இடங்களிலிருந்து அறிவை நோக்கி நடக்கின்றன. தாராவி, மாதுங்கா, செம்பூர்த் தமிழர் இவற்றை ஒரே நாளில் ஒருவரிடமிருந்து ஒருவர் கேட்கின்றனர். அச்சொற்களைத் தொகுத்து, யார் யாரிடம் எப்பொருளில் வழங்குகின்றனர் என ஆராய்வது மொழியியலார் மேற்கொள்ளத்தக்க பணியாகும்.