இறாத்தலிலிருந்து கிலோவுக்கு

எங்கள் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்த ஆசிரியை ஒருவர், விடை சரியாக இருந்தாலும் அலகு எழுதாவிட்டால் புள்ளி தரமாட்டார். “பன்னிரண்டு என்ன பிள்ளை? பன்னிரண்டு மாங்காயோ?” என்று கேட்பார். வகுப்பே சிரிக்கும். அந்தக் கேள்வியின் பெறுமதி எனக்கு விளங்கியது மருத்துவரான பிறகுதான்.

இலங்கை முதலில் மாற்றியது பணக் கணக்கை. நூறு சதம் ஒரு ரூபா என்ற முறை இங்கு 1872 இல் வந்துவிட்டது. இந்தியா அணாவைக் கைவிட்டு நூறு பைசாவுக்கு வந்தது 1957 இல்தான். ஆனால் நிறைக்கும் நீளத்துக்கும் நாம் மேலும் நூறு ஆண்டுகள் ஆங்கிலேய அளவுகளையே வைத்திருந்தோம். 1974 ஆம் ஆண்டின் சட்டத்தின் பின்னரே மெற்றிக் முறை கடைத்தெருவுக்கு வந்தது. 1995 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் அதை மேலும் ஒழுங்குபடுத்தியது.

அதற்கு முன் இங்கு படித்த எங்கள் அம்மாமாரின் வாய்ப்பாடு வேறு. 16 அவுன்ஸ் ஒரு இறாத்தல், 112 இறாத்தல் ஒரு அந்தர், 20 அந்தர் ஒரு தொன். 12 அங்குலம் ஒரு அடி, 3 அடி ஒரு யார், 1760 யார் ஒரு மைல். இவ்வளவையும் மனனம் செய்தவர்கள், எங்கள் கொப்பிகளில் எல்லாமே பத்தும் நூறும் ஆயிரமுமாக இருப்பதைப் பார்த்து, “உங்களுக்கென்ன, பூச்சியத்தைப் போட்டால் சரி” என்பார்கள்.

ஆனால் எங்களுக்கும் அது அவ்வளவு இலகுவாக இருக்கவில்லை. 1990 இல் மின்சாரம் நின்ற பின் ஜாம் போத்தல் விளக்கில் படித்த தலைமுறை நாங்கள். வகுப்பில் லீற்றர் படித்துவிட்டு, வரிசையில் நின்று மண்ணெண்ணெய் வாங்கியது போத்தல் கணக்கில். வீட்டில் அரிசி அளந்தது சுண்டிலும் கொத்திலும்.

இன்றும் கொக்குவிலில் பழைய பெயர்கள் புதிய நிறையோடு உலாவுகின்றன. ‘ஒரு இறாத்தல் பாண்’ என்பது 450 கிராம்; உண்மையான இறாத்தல் ஏறத்தாழ 454. ‘ஒரு அந்தர் பசளை’ என்றால் 50 கிலோப் பை. பவுண் 8 கிராம். காணி மட்டும் இரண்டு முறைக்கும் பிடிகொடுக்கவில்லை. வரைபடத்தில் ஹெக்டேயர் இருந்தாலும், பேச்சில் பரப்புத்தான். 18 குழி ஒரு பரப்பு, 16 பரப்பு ஒரு ஏக்கர்.

பெயர் நிலைப்பதில் தீங்கில்லை. தீங்கு, எண் மட்டும் தனியே பயணம் செய்யும்போது வருகிறது. கனடாவிலிருந்து என் வகுப்புத் தோழி ஒருநாள் இரவு அழைத்தாள். மகளுக்குக் காய்ச்சல், பரசிற்றமோல் எவ்வளவு கொடுக்கலாம் என்று கேட்டாள். நிறை கேட்டேன். “இருபத்திரண்டு” என்றாள். “என்ன இருபத்திரண்டு?” என்று என்னையறியாமலே கேட்டேன். அவள் சொன்னது இறாத்தல். அதாவது 10 கிலோ. கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் பிள்ளைக்குரியது 150 மில்லிகிராம். கிலோ என்று நான் நினைத்திருந்தால் 330 சொல்லியிருப்பேன்.

அதே கனடாவில் 1983 ஜூலை 23 இல் எயர் கனடா விமானமொன்று நடுவானில் எரிபொருள் தீர்ந்து நின்றது. நாடு மெற்றிக்குக்கு மாறிக்கொண்டிருந்த காலம். 22,300 கிலோ தேவைப்பட்ட விமானத்தில் 22,300 இறாத்தல் என்ற கணக்கில் எரிபொருள் இருந்தது, பாதிக்கும் குறைவு. விமானி அதை மிதக்கவிட்டு கிம்லி என்ற இடத்தின் பழைய ஓடுபாதையில் இறக்கியதால் எல்லோரும் தப்பினர். எண்ணில் பிழையில்லை, அலகில்தான் பிழை.

இறாத்தலை எமக்குத் தந்த பிரித்தானியாவில் வீதிப் பலகைகள் இன்னும் மைலில்தான் இருக்கின்றன. இங்கே பிள்ளை பிறந்த வீட்டில் அம்மம்மா இப்போதும் “எத்தினை றாத்தல்?” என்றுதான் கேட்கிறார். கிளினிக் அட்டையில் இருப்பதோ கிலோ. குறைநிறைக் குழந்தை என்று நாம் கவனமெடுக்கும் எல்லையான இரண்டரைக் கிலோ, அம்மம்மாவின் கணக்கில் ஐந்தரை இறாத்தல். நான் அவரைத் திருத்துவதில்லை. இரண்டு எண்ணையும் சொல்கிறேன், இரண்டுக்கும் அலகு சேர்த்து.

எங்கிருந்து இதை வாசித்தாலும், சகோதரிகளே, பிள்ளையின் நிறையை மருத்துவரிடம் சொல்லும்போது அந்த ஒரு சொல்லை விட்டுவிடாதீர்கள். புள்ளி குறைவதோடு முடிகிற காரியம் அல்ல அது.