பையைத் தொடாத வைத்தியம்

கால் தமனிகளில் ஏற்படும் புடைப்புகளில் மிகவும் பரவலானது முழங்காலின் பின்மடிப்பில் தோன்றுவது. அங்கே தமனியின் சுவர் நைந்து பையாக விரிகிறது. வயிற்றுப் பெருந்தமனியின் புடைப்பு வெடித்து உயிரைக் குடிக்கும். முழங்கால் புடைப்பு வெடிப்பது அரிது. பைக்குள் உறைந்த இரத்தம் நழுவிக் கீழுள்ள நாளங்களை அடைத்துக் காலைப் பறிப்பதே இதன் ஆபத்து.

கி.பி. 2ஆம் நூற்றாண்டின் கிரேக்க மருத்துவர் ஆன்டிலஸ், புடைப்புக்கு மேலும் கீழும் தமனியைக் கட்டிப் பையைக் கீறும் முறையை வகுத்தார். ஆனால் நைந்த சுவரில் கட்டு நிற்காது. இரத்தப்பெருக்கும் சீழும் நோயாளியைக் கொண்டுபோகும். அதனால் 18ஆம் நூற்றாண்டு லண்டனில் பெர்சிவல் பாட் போன்ற பெரிய அறுவையாளர்களே காலை வெட்டிவிடுவது மேல் என்றனர்.

1785 டிசம்பரில், செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில், முழங்கால் புடைப்புடன் வந்த 45 வயதுக் குதிரைவண்டி ஓட்டுநர் ஒருவருக்கு அறுவையாளர் ஜான் ஹண்டர் வேறு வழி கண்டார். தமனி நலமாக இருக்கும் தொடைப்பகுதியில் கீறி அங்கேயே கட்டினார், பையைத் தொடவில்லை. கிளை நாளங்கள் விரிந்து காலுக்கு இரத்தம் கொடுக்கும், ஓட்டம் குறைந்த பை தானே சுருங்கும் என்பது அவர் கணிப்பு. அது பலித்தது. நோயாளி மறுபடி வண்டி ஓட்டினார். 1787இல் அந்த நோயாளி காய்ச்சலில் இறந்தபோது ஹண்டர் அந்தக் காலைப் பெற்று ஆராய்ந்து, பை சுருங்கியிருந்ததை உறுதி செய்தார். தொடையில் அந்தத் தமனி செல்லும் வழி இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. நோயுற்ற இடத்தை விட்டு விலகிக் கத்தி வைத்த அந்தத் துணிவே இந்தச் சிகிச்சையின் உண்மையான திருப்புமுனை.

நியூ ஆர்லியன்ஸின் ருடால்ஃப் மடாஸ் 1888இல் ஒரு கைத்தமனிப் புடைப்பை உள்ளிருந்தே தைத்து மூடினார். 1906இல் மாட்ரிட்டில் ஹோசே கோயானெஸ் முழங்கால் தமனிப் புடைப்புக்கு நோயாளியின் சிரையையே மாற்றுப்பாதையாக இணைத்தார்.

கீறலைச் சுருக்கும் காலம் 1964இல் தொடங்கியது. ஓரிகனில் சார்லஸ் டாட்டர், அழுகத் தொடங்கிய காலுடன் வந்த 82 வயது மூதாட்டியின் குறுகிய தொடைத் தமனியைக் கதீட்டர் என்னும் மெல்லிய குழாயால் விரித்தார். 1969இல் நாய்களின் முழங்கால் தமனிக்குள் கம்பிச்சுருள் வைத்த சோதனையை வெளியிட்டார். 1990இல் புவெனஸ் அயர்ஸில் ஹுவான் பரோடி துணி போர்த்திய கம்பிவலைக் குழாயான ஸ்டென்டை வயிற்றுப் பெருந்தமனிப் புடைப்புக்குள் செலுத்தினார். 1994இல் நியூயார்க்கில் மைக்கேல் மாரின் குழு அதே முறையில் முழங்கால் புடைப்பைச் சரிசெய்ததை அறிவித்தது. தொடை வழியே நுழையும் குழாய் இரத்தத்தைத் தன்னுள் ஓடவிடுகிறது, பை ஒதுங்கிப்போகிறது.

ஆனால் முழங்கால் மடங்கும் மூட்டு. ஓயாமல் வளைவதால் ஸ்டென்ட் நசுங்கலாம், உடையலாம், அடைக்கலாம். இத்தாலியின் பதுவாவில் 30 புடைப்புகளைக் கொண்டு நடந்து 2005இல் வெளியான ஆய்வு மாற்றுப்பாதை அறுவை, ஸ்டென்ட் ஆகிய இரு முறைகளுக்கும் இடையே பெரிய வேறுபாடு காட்டவில்லை; எண்ணிக்கையோ சிறியது. நல்ல சிரையும் அறுவையைத் தாங்கும் உடலும் உள்ளவருக்கு மாற்றுப்பாதை, மூப்பாலோ இதயநோயாலோ தளர்ந்தவருக்கு ஸ்டென்ட் என்பதே இன்று பரவலான வழக்கம்.