பூட்டு திறக்கும் கலை: வரலாறும் தொடக்கநிலைக் கருவிகளும்

சாவி இல்லாமல், பூட்டை உடைக்காமல், அதன் உள்ளமைப்பை அறிந்து மெல்லிய கம்பிகளால் திறப்பது பூட்டு திறக்கும் கலை எனப்படும். பூட்டுத் தொழிலாளர்களின் கைத்தொழிலாக இருந்த இது, இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் பல நாடுகளில் பொழுதுபோக்காகவும் வளர்ந்தது. இணையத்தில் விற்கும் கருவித் தொகுதிகள் பெரும்பாலும் ஒரே வகைப் பூட்டுக்காகச் செய்யப்பட்டவை. நம் ஊர்களில் பரவலாக உள்ள பூட்டு வேறு வகை. எனவே கருவி வாங்கும் முன் பூட்டின் வரலாற்றைச் சற்று அறிவது நல்லது.

பழைய பூட்டுகள்

எகிப்தில் சுமார் 4000 ஆண்டுகளுக்கு முன்பே மரப் பூட்டு இருந்தது. மேலிருந்து விழும் முளைகள் தாழைப் பிடித்துக்கொள்ளும். மரச் சாவி அம்முளைகளைச் சரியான அளவுக்கு உயர்த்தித் தாழை விடுவிக்கும். தமிழில் 'தாழ்' என்ற சொல் 71ஆம் திருக்குறளிலேயே உள்ளது. திருமறைக்காட்டுக் கோயில் கதவைத் திறக்க அப்பரும் அடைக்கச் சம்பந்தரும் பாடியதாகப் பெரியபுராணம் கூறுகிறது. 1956 வரை நாஞ்சில் நாட்டைத் தன்னுள் கொண்டிருந்த திருவிதாங்கூர்ப் பகுதியில் 'மணிச்சித்திரத்தாழ்' என்னும் அலங்காரத் தாழ் புகழ்பெற்றது.

1851ஆம் ஆண்டின் சவால்

இங்கிலாந்தில் ராபர்ட் பாரன் 1778இல் லீவர் பூட்டை மேம்படுத்தினார். இதில் அடுக்கடுக்கான தகடுகளைச் சாவி குறிப்பிட்ட உயரத்துக்குத் தூக்கினால்தான் தாழ் நகரும். 1818இல் வந்த சப் பூட்டில், யாரேனும் கம்பி விட்டுத் தகட்டை அளவுக்கு மேல் தூக்கினால் பூட்டு இறுகி உரிமையாளருக்குக் காட்டிக்கொடுக்கும். ஜோசப் பிராமா தம் பூட்டைத் திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று அறிவித்து, லண்டன் கடைச் சன்னலில் அதை வைத்திருந்தார்.

1851இல் லண்டன் பெருங்கண்காட்சிக்கு வந்த அமெரிக்கர் ஆல்ஃபிரட் சார்லஸ் ஹாப்ஸ் சப் பூட்டை அரை மணி நேரத்துக்குள் திறந்தார். அறுபது ஆண்டுகளாக யாருக்கும் திறக்காத பிராமா பூட்டையும், பல நாட்களில் ஐம்பது மணி நேரத்துக்கு மேல் முயன்று திறந்தார். இந்த இரகசியங்களை வெளியிடுவது திருடர்களுக்கு உதவாதா என்ற விவாதம் எழுந்தது. திருடர்கள் ஏற்கெனவே அறிந்ததை மக்களும் அறிவதே பாதுகாப்பு என்பது ஹாப்ஸ் தரப்பின் பதில். அதன்பின் பூட்டு செய்பவர்கள் தம் பூட்டுகளைத் திருத்தி வலுப்படுத்தினர்.

1860களில் லைனஸ் யேல், எகிப்திய முளைகளின் தத்துவத்தைச் சிறிய உலோக உருளைக்குள் அடக்கினார். தட்டைச் சாவியால் திறக்கும் பின் பூட்டு இவ்வாறு பிறந்தது. மேலை நாடுகளில் இதுவே பரவியது. 1997இல் ஜெர்மனியில் தொடங்கிய பொழுதுபோக்குச் சங்கமும், அதன்பின் வந்த சங்கங்களும் பெரும்பாலும் இப்பூட்டையே பழகின.

திண்டுக்கல் பூட்டு

தமிழ்நாட்டில் லீவர் பூட்டே வேரூன்றியது. திண்டுக்கல் நாகல் நகர்ப் பகுதியில் கையால் செய்யப்படும் மாங்காய்ப் பூட்டு முதலியவை இவ்வகையைச் சேர்ந்தவை. 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பூதப்பாண்டி போன்ற ஊர்களின் பழைய வீடுகளில் அரங்குக் கதவிலோ நெல் பத்தாயத்திலோ தொங்கும் பூட்டும் பெரும்பாலும் லீவர் வகையே.

சாவியைப் பார்த்து வகையை ஓரளவு அறியலாம். குழல் போன்ற தண்டும் நுனியில் கொத்தும் உள்ள சாவி லீவர் பூட்டுக்குரியது. ஒரு விளிம்பில் மட்டும் பற்கள் உள்ள மெல்லிய தட்டைச் சாவி பொதுவாகப் பின் பூட்டுக்குரியது. இரு விளிம்பிலும் வெட்டு உள்ள தட்டைச் சாவி என்றால், இந்தியத் தொங்கு பூட்டுகளில் அது லீவராக இருக்க வாய்ப்பு அதிகம்.

முதல் கருவிகள்

தொடங்குபவர் பின் பூட்டில் தொடங்குவதே எளிது. இருபது, முப்பது கம்பிகள் கொண்ட தொகுதி தேவையில்லை. உருளையை மெல்லத் திருப்பிப் பிடிக்க அகலம் மாறுபட்ட இரண்டு முறுக்குக் கம்பிகள், பின்களை ஒவ்வொன்றாகத் தூக்க ஒரு சிறு கொக்கி, ஒரு நடுத்தரக் கொக்கி, அலை போல வளைந்த ஒரு கம்பி ஆகிய ஐந்து போதும். துருப்பிடிக்காத எஃகில் ஏறத்தாழ 0.5 முதல் 0.6 மி.மீ. தடிமன் உள்ளவை ஏற்றவை. இதனினும் மெல்லியவை எளிதில் வளையும். தடித்தவை குறுகிய சாவித் துளையில் நுழையா. கைப்பிடி வழவழப்பாக இருக்க வேண்டும். உள்ளே நடப்பது தெரியும் கண்ணாடி போன்ற அக்ரிலிக் பூட்டு ஒன்றும், மலிவான சாதாரணப் பூட்டு ஒன்றும் பயிற்சிக்கு உதவும்.

லீவர் பூட்டுக்கு இக்கம்பிகள் பயன்படா. தாழை அழுத்த ஒன்றும், தகடுகளைத் தூக்க ஒன்றுமாக இரட்டைக் கம்பிக் கருவி வேண்டும். அது இன்றும் ஹாப்ஸின் பெயராலேயே வழங்குகிறது. பின் பூட்டில் கை பழகிய பிறகு அதை வாங்கினால் போதும்.

கடைப்பிடிக்க வேண்டியவை

பொழுதுபோக்காளர்களிடையே இரண்டு விதிகள் உண்டு. சொந்தப் பூட்டையோ, உரிமையாளர் அனுமதித்த பூட்டையோ மட்டுமே திறக்க வேண்டும். பயன்பாட்டில் உள்ள பூட்டில் பழகக்கூடாது. பின்னோ தகடோ பழுதானால் வீட்டுக்குள் நுழையவே முடியாமல் போகும். அத்துமீறி நுழைவதற்காகப் பூட்டைத் திறப்பதை 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் கன்னமிடுதலாகக் கருதியது. அதற்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அது குற்றமே. ஹாப்ஸ் பலர் அறியத் திறந்து, குறையைச் சொல்லி, பூட்டைத் திருப்பிக் கொடுத்தார். இக்கலையைப் பழகுவோருக்கு அவர் காட்டிய வழி அதுவே.