டிபேஸிலிருந்து ஆக்ஸஸ் வரை - தொலைந்துபோன ஒரு பத்தியின் கதை

டிபேஸ் என்று சொன்னால் என் பையன் ஏதோ மாத்திரை பெயர் என்று நினைக்கிறான். நான் பி.காம். படித்த நாட்களில் தெருவுக்கு ஒரு கணினி மையத்தில் சொல்லிக் கொடுத்த சமாச்சாரம் அது.

கலிபோர்னியாவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தில் வேலை பார்த்த வேய்ன் ராட்லிஃப் 1970களின் கடைசியில் எழுதிய நிரல். முதலில் வல்கன் என்று பெயர். ஆஷ்டன்-டேட் நிறுவனம் அதை விற்க எடுத்துக்கொண்டு டிபேஸ் 2 என்றது. டிபேஸ் 1 என்று ஒன்று வரவே இல்லை! முதல் பதிப்பு என்றால் ஜனங்கள் தயங்குவார்களே.

அதன் டிபிஎஃப் கோப்பு ரொம்ப எளிமை. தலைப்பகுதியில் பத்திகளின் பெயரும் அகலமும், கீழே வரிசையாகத் தகவல். தேதிகூட 19990415 என்று கண்ணால் படிக்கிற மாதிரிதான் இருக்கும். அதனால் கிளிப்பர், ஃபாக்ஸ்பேஸ் எல்லாம் அதே கோப்பைத் திறந்தன. ஆஷ்டன்-டேட்டுக்குப் பொறுக்கவில்லை, 1988-ல் ஃபாக்ஸ் மீது வழக்குப் போட்டது. டிபேஸே ஆய்வகத்தின் பழைய நிரலிலிருந்து வந்தது என்பதை மறைத்ததால் காப்புரிமை செல்லாது என்று 1990 டிசம்பரில் நீதிபதி சொல்லிவிட்டார். சில மாதங்களில் அவரே அதைத் திரும்பப் பெற்றார். 1991-ல் போர்லேண்ட் ஆஷ்டன்-டேட்டை வாங்கியது, வழக்கும் முடிந்தது. மறுவருடம் மைக்ரோசாஃப்ட் ஃபாக்ஸை வாங்கியது. அதே வருடம் ஆக்ஸஸையும் வெளியிட்டது.

நீளமான குறிப்புகளுக்கு மட்டும் டிபிஎஃப்பில் இடமில்லை. மெமோ பத்தி என்று பெயர் இருக்கும், சரக்கு பக்கத்தில் தனிக்கோப்பில் இருக்கும். என்னைக் கவிழ்த்தது அதுதான்.

2004-ல் புனேயில் ஒரு கிளை. வைப்புத்தொகை விவரங்களை ஃபாக்ஸ்புரோவிலிருந்து ஆக்ஸஸுக்கு மாற்றும் வேலை என் தலையில். நேராக இழுத்தால் முரண்டு பிடித்தது. சரி, கமா போட்ட உரைக்கோப்பாக வெளியே எடுத்து உள்ளே ஏற்றினேன். எண்ணிக்கை சரி, மொத்தத் தொகை பைசா சுத்தம். கணக்குப் படித்தவனுக்கு வேறென்ன வேண்டும்? அப்படி வெளியே எடுக்கும்போது மெமோ பத்தியை ஃபாக்ஸ்புரோ சத்தமில்லாமல் விட்டுவிடும் என்று எனக்குத் தெரியாது.

இரண்டு மாதம் கழித்து ஒரு மராட்டியக் காக்கு வந்தார். மகள் கல்யாணத்துக்காகப் போட்ட பணம். முதிர்ந்ததும் புதுப்பிக்க வேண்டாம் என்று முன்பிருந்த அதிகாரியிடம் சொல்லி, அவரும் குறிப்பில் எழுதியிருக்கிறார். நாங்களோ ஒரு வருடத்துக்குப் புதுப்பித்துவிட்டோம். "எழுதிக்கொண்டாரே, பாளா" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. மேலிடத்தில் அனுமதி வாங்கிப் பணத்தை எடுத்துக் கொடுக்க நான்கு நாள். மண்டபத்துக்கு முன்பணம் கட்டும் நாள் போய்விட்டது. வேறு மண்டபம்தான் கிடைத்தது.

அன்று ராத்திரியே பழைய ஃபிளாப்பிகளைத் தேடினேன். நல்லவேளை, மெமோ கோப்பும் இருந்தது. ஒவ்வொரு குறிப்பையும் 254 எழுத்துத் துண்டுகளாக வெட்டிச் சாதாரணப் பத்திகளில் போட்டு அனுப்பி, ஆக்ஸஸில் மறுபடி ஒட்டினேன். ஃபாக்ஸ்புரோவின் சாதாரணப் பத்தி அவ்வளவுதான் தாங்கும்.

விஷுவல் ஃபாக்ஸ்புரோ 2004-ல் வந்த 9-ஆம் பதிப்போடு நின்றது, 2015-ல் ஆதரவும் முடிந்தது. டிபிஎஃப் மட்டும் சாகவில்லை; வரைபடக்காரர்களின் ஷேப்ஃபைலில் இன்றும் இருக்கிறது.

ஒட்டிய குறிப்புகளை அன்று ஒவ்வொன்றாகப் படித்தேன். ஒன்றில் இப்படி இருந்தது: "காது கேட்காது. பெயரைக் கூப்பிட வேண்டாம், எழுந்து போய்த் தோளைத் தொடவும்."